மெலித்தாத் தீவின் துறைமுக நகர்

அப்போஸ்தலருடைய நடபடிகளின் இறுதி இரண்டு அதிகாரங்களும் ஒரு கடற்பயணத்தின் வரலாறாக அமைந்திருத்தலை நம் கல்லூரி மாணவர் பலரும் அறிவர். கைதியாய் ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் உட்பட 276 பேரை ஏற்றிச் சென்ற கப்பலொன்று பதினான்கு நாள் புயலில் அலைப்புண்டு உடைந்தது. ஏறியிருந்தோர் யாவரும் உயிர் தப்பிக் கரையேறினர். கரையேறிய இடம் மெலித்தா என்னும் தீவு. மழையும் குளிருமாயிருந்த அவ்வேளையில் தீவார் நெருப்பு மூட்டி, நனைந்து வந்த முன்பின் அறியாதவரை உபசரித்தனர். அவ்வாறு உபசரித்தவரை நம் தமிழ் வேதாகமம் ‘அந்நியர்’ என்று குறிக்கின்றது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘பார்பரோய்’ என்பது. கிரேக்கம் அறியாதவர், கேட்பார் செவிக்குப் பொருள் விளங்காத ஒலியாகப் பேசுவோர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். தம் சொந்தத் தீவிலே, தம் சொந்த நெருப்பின் அருகே நின்றவர் அந்நியர் எனப்பட்டனர். கடல் ஒதுக்கிவிட்டவர் அப்பெயர் பெற்றிலர். நூலை எழுதியவர் கிரேக்கம் வல்லவர் என்பதன்றி இதற்கு வேறு காரணமில்லை.

இவ்வொரு சொல்லை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. மெலித்தா என்பது இன்றைய மால்ட்டா. அத்தீவின் தலைநகரும் மத்தியதரைக்கடலின் புகழ்பெற்ற துறைமுகங்களுள் ஒன்றுமாகிய வலெட்டா, கோட்டைகளாலும் கோயில்களாலும் ஓவியங்களாலும் உலகறிந்த நகரம். அதன் மதில்களைப் பற்றியும் அதைக் கட்டிய பெருந்தலைவர்களைப் பற்றியும் நூல்கள் பல உள. ஆனால் அந்நகரிலே தீவின் குடிமக்களும், அவர்தம் பேச்சும், நெடுங்காலம் ‘அந்நியர்’ நிலையிலேயே இருந்தமையைச் சொல்வார் சிலரே. கல்லின் வரலாற்றோடு இச்சொல்லின் வரலாற்றையும் சேர்த்துக் கூறலே இக்கட்டுரையின் நோக்கம்.

மால்ட்டாத் தீவு சிசிலிக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அதன் நீளம் 27 கிலோமீட்டரே. ஆறு இல்லை, பெருங்காடு இல்லை, மண்ணும் மிகுதியாக இல்லை. உள்ளது இரண்டு: மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லும், ஆழமான துறையும். கல்லோ, வெட்டும்பொழுது மென்மையாயிருந்து, காற்றுப் பட்டபின் புறத்தே இறுகும் தன்மையது. துறையோ, எக்காற்றுக்கும் அஞ்சாது பெருங்கப்பல்கள் தங்கத்தக்கது. இவ்விரண்டனுள் துறையே அத்தீவுக்குப் புகழையும் இடரையும் கொண்டுவந்தது. பினீசியர், கார்த்தேஜார், ரோமர், பைசாந்தியர், அராபியர், நார்மானியர், அரகோனியர் என வந்தோர் யாவரும் துறையைக் கருதியே வந்தனர். அராபியர் கி. பி. 870-ம் ஆண்டில் தீவைக் கைப்பற்றினர். பின்னர் ஆட்சி மாறிற்று, சமயமும் மாறிற்று. அராபியப் பேச்சு மட்டும் மாறாது நிலைத்தது. அதனை மறந்துவிடாதிருக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

நிற்க. எருசலேமில் நோயுற்ற யாத்திரிகரைப் பேணுதற்கென்று தோன்றி, பின்னர் வாளும் ஏந்திய பரிசுத்த யோவான் சபையார் என்னும் வீரத்துறவியர், 1522-ம் ஆண்டின் முற்றுகையில் ரோடுத் தீவைத் துருக்கருக்கு இழந்து, தங்க இடமின்றி அலைந்தனர். 1530-ல் ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசன் அவர்களுக்கு மால்ட்டாவை அளித்தான். ஆண்டுக்கு ஒரு வல்லூறே அதற்குத் திறை. தீவாரை ஒருவரும் கேட்டிலர். முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1565-ம் ஆண்டு மே மாதத்தில், சுல்தான் சுலைமானுடைய பெரும்படை வந்து தீவை வளைத்தது. அப்போது சபையின் பெருந்தலைவராயிருந்தவர் ழான் பரிசோ த வலெட் என்னும் பிரெஞ்சுக்காரர்; அகவை எழுபதை அடுத்தவர். இரு துறைகளுக்கும் இடையே நீண்டு கடலுள் புகும் சிபெராஸ் என்னும் பாறை மேட்டின் நுனியில் புனித எல்மோ கோட்டை இருந்தது. சில நாளில் விழுமென்று பகைவர் எண்ணிய அக்கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் நின்று, ஜூன் 23-ல் வீழ்ந்தது. அங்கிருந்து தப்பியவர், நீந்தத் தெரிந்த மால்ட்டாக்காரர் ஒரு சிலரே. செப்டம்பர் மாதத்தில் சிசிலியிலிருந்து துணைப்படை வர, முற்றுகை நீங்கிற்று. செப்டம்பர் 8-ம் நாளை அத்தீவார் இன்றும் வெற்றித் திருநாளாகக் கொண்டாடுகின்றனர்.

ஐரோப்பா எங்கும் வீரத்துறவியரின் புகழ் பேசப்பட்டது. ஆயின், போரிட்டோரில் வீரத்துறவியர் அறுநூற்றுக்கும் குறைவானவர். காப்புப் படையில் ஏறக்குறையப் பாதி தீவின் குடிகள். நகரம் ஒருவர் பெயரைத்தான் தாங்கக்கூடும் என்பது மெய்யே. அது த வலெட்டின் பெயரைத் தாங்கிற்று.

1566-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ம் நாள், அச்சிபெராஸ் மேட்டின்மேல் புதுநகருக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. போப்பாண்டவர் தம் பொறியியல் வல்லுநராகிய பிரான்செஸ்கோ லாபரெல்லி என்பவரை அனுப்பினார். அவர் வகுத்த அமைப்பை இன்றும் நகரப் படத்தில் தெளிவாகக் காணலாம். ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பல, ஆடு மாடு நடந்த வழியே தெருவாகி வளர்ந்தவை. வலெட்டா அவ்வாறன்று. சதுரங்கப் பலகைபோல நேர்த்தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கடற்காற்று நகரெங்கும் புகுந்து வெளியேறுதற்கும், பகைவர் புகுந்தால் வீரர் விரைந்து செல்லுதற்கும் அவ்வாறு வகுத்தனர். மேடு செங்குத்தாய்க் கடலில் இறங்குமிடங்களில் தெருவே படிக்கட்டாகிவிடுகின்றது. லாபரெல்லி 1569-ல் தீவை விட்டுச் சென்று, மறு ஆண்டு கிரீட்டில் கொள்ளைநோயால் இறந்தார். பணியைத் தொடர்ந்து முடித்தவர் கிரோலமோ கஸ்ஸார் என்னும் மால்ட்டாக்காரர். சபையின் பெருங்கட்டடங்களுள் பல அவர் கைவண்ணமே. கட்டச் சொன்னவர் பெயரை நகரம் தாங்க, கட்டியவர் பெயரை வழிகாட்டி நூல்களின் அடிக்குறிப்பில் தேடவேண்டியிருக்கின்றது. நம் நாட்டுக் கோபுரங்களைக் கட்டிய சிற்பியர்க்கு அதுவும் இல்லை என்க.

வீடு கட்டுவோர்க்குச் சபையார் விதித்த விதிகள் கவனித்தற்குரியன. ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி அமைத்தல் வேண்டும். தெருமுனை வீடாயின், அம்முனையைச் சிற்பத்தாலோ திருவுருவத்தாலோ அணிசெய்தல் வேண்டும். தொட்டி விதி நீரில்லாத் தீவுக்கு இன்றியமையாதது. முற்றுகை வந்தால் உயிர் காப்பது. ஆயினும் நகரம் பெருகவே தொட்டிநீர் போதவில்லை. பெருந்தலைவர் விஞ்ஞாகூர் காலத்தில், தீவின் நடுவிலுள்ள மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்க்கால் ஒன்று கட்டப்பட்டது. நிலம் தாழ்ந்த இடங்களில் கல் வளைவுகளின்மேல் வாய்க்காலை ஏந்திச் சென்றனர். 1615-ம் ஆண்டில் வலெட்டாவின் சதுக்கத்தில் நீர் பாய்ந்தது. தொட்டிகளுக்காகக் குடைந்த பாறைகள் முந்நூறு ஆண்டுக்குப் பின் வேறொரு பயன் தந்தன. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நகரின் அரசன் வேலையாட்களுக்கு முன் தான் குடியேறவில்லை. த வலெட் 1568-ல் இறந்தார். தம் பெயர் பெற்ற நகர் நிறைவெய்தக் கண்டிலர். சபை தன் இருப்பை 1571-ல் வலெட்டாவுக்கு மாற்றிற்று.

இனி, நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி ஒன்று. வீரத்துறவியர் ஐரோப்பாவின் பல நாட்டு உயர்குடியினர் ஆதலின், தம்மை எட்டுப் பிரிவாகப் பகுத்துக்கொண்டனர். அப்பிரிவுகளுக்கு அவர் இட்ட பெயர் ‘நாவுகள்’, அதாவது மொழிகள், என்பதாகும். புரோவான்சு, ஓவேர்ஞ்சு, பிரான்சு, இத்தாலி, அரகோன், இங்கிலாந்து, ஜெர்மனி, காஸ்டீல் என்பன அவை. இங்கிலாந்தின் மொழி எட்டாம் ஹென்றி அரசனால் ஒடுக்கப்பட்டுப் பெயரளவிலேயே இருந்தது. ஏனைய மொழிகள் ஒவ்வொன்றும் வலெட்டாவில் தனக்கென ஒரு மாளிகை விடுதி கட்டிக்கொண்டது. காஸ்டீல் மொழியாரின் விடுதி இன்று மால்ட்டா நாட்டுப் பிரதமரின் அலுவலகம். புரோவான்சு மொழியாரின் விடுதி இன்று தொல்பொருட் காட்சிச்சாலை. ‘மொழி’ என்ற பெயரால் இத்தனை மாளிகைகள் எழுந்த நகரில், அந்நகரின் மண்ணில் பிறந்த மொழிக்கு ஒரு திண்ணைகூட இல்லை. தீவின் குடிகள் அச்சபையில் வீரராகச் சேர்தலும் பெரும்பாலும் இயலாததாயிருந்தது. சபையின் எழுத்து வேலை இலத்தீனிலும் இத்தாலியத்திலும் நடந்தது. மால்ட்டா மொழி மடைப்பள்ளியிலும், படகுத்துறையிலும், கல்லுடைக்கும் குழியிலும் ஒலித்தது.

சபையின் நற்செயல்களை மறைத்தல் நம் கருத்தன்று. நோயாளிகளைத் தம் எசமானராகக் கருதுதல் வேண்டுமென்பது அதன் பழைய விதி. 1574-ல் தொடங்கிய வலெட்டாப் பெருமருத்துவமனையின் நெடுங்கூடம் ஏறக்குறைய 155 மீட்டர் நீளமுடையது. அக்காலத்து ஐரோப்பாவில் அதனையொத்த நீளக் கூடம் அரிது. நோயாளிகட்கு உணவு வெள்ளித் தட்டுகளிலே பரிமாறப்பட்டது. இது செல்வச் செருக்கன்று; மரத்தட்டைவிட வெள்ளி தூய்மையாக வைத்தற்கு எளியது. மிஷன் மருத்துவமனைகளின் வரலாற்றை விரும்பும் மாணவர் இக்கூடத்தைப் பற்றி விரிவாகக் கற்றல் நலம்.

புனித யோவான் பேராலயமும் அத்தகையதே. 1572 முதல் 1577 வரை கஸ்ஸார் கட்டிய அதன் வெளிமுகம் ஒரு கோட்டையின் முகம்போல் எளிமையானது. உள்ளே புகுந்தாலோ கண் கூசும். மேல்வளைவு முழுதும் மத்தியா பிரெத்தி தீட்டிய யோவான் ஸ்நானகனின் வரலாறு. தரை முழுதும் வீரத்துறவியரின் ஏறக்குறைய 400 சலவைக்கல் கல்லறைப் பலகைகள், எலும்புக்கூடும் மணற்கடிகையும் பலநிறக் கல்லில் இழைத்தவை. அங்குள்ள சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த ஓவியம் இருக்கின்றது; யோவான் சிரச்சேதம் செய்யப்படும் காட்சி. ரோமாபுரியில் கொலை செய்து தப்பியோடி வந்தவர் அவ்வோவியர். வலெட்டாவில் வீரத்துறவியாக ஏற்றுக்கொள்ளப்பெற்று, சில மாதங்களிலேயே மீண்டும் சண்டையிட்டுச் சிறைப்பட்டு, சிறையினின்றும் தப்பிச் சென்றார். அவர் தம் பெயரைக் கையெழுத்திட்டதாகக் காணப்படும் ஓவியம் இதுவொன்றே. யோவானுடைய கழுத்தினின்று ஒழுகும் குருதியிலே அக்கையெழுத்தை அமைத்திருக்கின்றார். காட்சியின் பெரும்பகுதி வெறுஞ்சுவரும் இருளுமாயிருக்க, கொலை ஒரு மூலையில் ஓசையின்றி நடக்கின்றது. சிறைக் கம்பிகளின் ஊடே இருவர் எட்டிப் பார்க்கின்றனர்.

அவ்விருவரைக் காணும்பொழுது, அந்நகரிலேயே இருந்த வேறொரு சிறைக்கூடம் நம் நினைவுக்கு வருகின்றது. அது அடிமைகளின் சிறைக்கூடம். சபையின் கப்பல்கள் துடுப்பால் ஓடியவை. துடுப்பு வலித்தோரில் பலர் கடலில் பிடிபட்ட முஸ்லிம் அடிமைகள். நகரின் மதிலுக்கும் அகழிக்கும் கல் சுமந்தோரிலும் அவர் இருந்தனர். வட ஆப்பிரிக்கத் துறைகளில் கிறிஸ்தவரும் அவ்வாறே அடிமையாயிருந்தனர் என்பது மெய்யாயினும், ஒருவர் செய்த பிழை மற்றவர் பிழைக்கு மருந்தாகாது. 1749-ம் ஆண்டில் வலெட்டாவின் அடிமைகள் பெருந்தலைவரைக் கொன்று விடுதலை பெறச் சூழ்ந்த சூழ்ச்சி வெளிப்பட்டது. பலர் கொடிய தண்டனைக்குள்ளாயினர். நோயாளியை எசமானென்று போற்றிய அதே கைகள் சங்கிலியையும் பிடித்திருந்தன. பாரம்பரியம் என்று ஒரு நகரைப் போற்றுங்கால், வெள்ளித் தட்டை மட்டும் காட்டிச் சங்கிலியை மறைத்தல் ஆகாது.

1798-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் நெப்போலியன் எகிப்துக்குச் செல்லும் வழியில் மால்ட்டாவுக்கு வந்தான். ஐரோப்பாவின் வலிய கோட்டைகளுள் ஒன்று ஏறக்குறையப் போரின்றி அவன் வசமாயிற்று. 268 ஆண்டு ஆண்ட சபை சில நாளில் வெளியேறிற்று. நெப்போலியன் ஒரு வாரம் அளவே தங்கினான், அதற்குள் அடிமைத்தனத்தை ஒழித்தான், வெள்ளியையும் வாரிக்கொண்டான். அவன் விட்டுச் சென்ற பிரெஞ்சுப் படையினர் கோயிற் பொருள்களை ஏலமிடவே, செப்டம்பர் மாதத்தில் தீவார் கிளர்ந்தெழுந்து அவர்களை வலெட்டாவுக்குள் அடைத்து ஈராண்டு முற்றுகையிட்டனர். துருக்கரை எதிர்க்கக் கட்டிய நகரைத் தீவாரே முற்றுகையிட்டது அதுவே முதன்முறை. ஆங்கிலக் கடற்படையின் துணையால் 1800-ல் பிரெஞ்சுக்காரர் பணிந்தனர். துணைக்கு வந்த ஆங்கிலேயர் தங்கிவிட்டனர். துணைக்கு வந்தோர் தங்கிவிடுதல் நம் நாட்டார்க்குப் புதுமையன்று. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தபின், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே செல்லும் கப்பல்களுக்கு வலெட்டா நிலக்கரித் துறையாயிற்று. 1878-ல் ஏறக்குறைய ஏழாயிரம் இந்தியப் போர்வீரர் ருஷியருக்கு எதிரான மிரட்டலாக அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டனர்.

இனி மொழியின் வரலாற்றுக்கு வருவோம். மால்ட்டா மொழி அராபியத்தின் கிளை. வீட்டைத் ‘தார்’ என்றும், கடலைப் ‘பஹர்’ என்றும், அப்பத்தை ‘ஹொப்ஸ்’ என்றும் சொல்லுவர். உறுதியான கத்தோலிக்கராகிய அம்மக்கள் கடவுளை ‘அல்லா’ என்றே அழைக்கின்றனர். தபசு நாட்களை ‘ரந்தான்’ என்கின்றனர், ரமலான் என்பதன் திரிபு. ஆனால் பள்ளிக்கூடம் ‘ஸ்கோலா’, வழக்கறிஞர் ‘அவுகாத்’, இவை இத்தாலியம். வீட்டுச்சொல் ஒரு மொழியினின்றும், அதிகாரத்தின் சொல் வேறொரு மொழியினின்றும் வந்திருத்தலைக் காண்மின். சோறு, வீடு, கடல் என்று தமிழிற் பேசிவிட்டு, வக்கீல், கோர்ட்டு, அப்பீல் என்று நாமும் பேசவில்லையா? யார் எங்கே ஆண்டார் என்பதை அகராதியே சொல்லிவிடும்.

இம்மொழிக்கு எழுத்தொழுங்கும் இலக்கணமும் அகராதியும் வகுக்க உழைத்தவர் மிக்கியேல் அந்தோன் வஸ்ஸல்லி. அவர் 1764-ல் செபூஜ் என்னும் ஊரில் பிறந்தார். 1791-ல் இலக்கணத்தையும் 1796-ல் அகராதியையும் ரோமாபுரியில் அச்சிட்டார். மால்ட்டா மக்களுக்குத் தம் மொழியிலேயே கல்வி வேண்டுமென்றும், அவர்கள் ஓர் இனத்தார் என்றும் வற்புறுத்தினார். அவர்தம் மொழியைப் பினீசிய வழி வந்ததென்று அவர் கருதியது பிழை. பவுலுக்கு நெருப்பு மூட்டியவர் பேசிய மொழியும் இன்றைய மொழியும் ஒன்றல்ல என்பதே இன்றைய அறிஞர் முடிபு. ஆயினும் மொழியின் பிறப்பில் தவறியவர் அதன் பயனில் தவறவில்லை. 1797-ல் சபைக்கு எதிரான சூழ்ச்சியில் சேர்ந்தாரென்று சிறையிடப்பட்டார். ஆங்கிலேயர் வந்தபின் பிரெஞ்சுக்காரரின் நண்பரென்று நாடு கடத்தப்பட்டார். 1820-ல் முதுமையும் வறுமையுமாய்த் திரும்பினார். 1825-ல் பல்கலைக்கழகத்தில் மால்ட்டா மொழிக்கு முதற் பேராசிரியரானார். யேசு சபையார் 1592-ல் வலெட்டாவில் நிறுவிய கல்லூரியினின்று வளர்ந்தது அப்பல்கலைக்கழகம். அதில் தாய்மொழி பாடமாக அமர இருநூற்று முப்பத்துமூன்று ஆண்டு சென்றது.

ஈண்டு மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷன் சங்கங்கள் மால்ட்டாவை அச்சுப்பணிக்கு நடுவிடமாகக் கொண்டன. யாழ்ப்பாணத்தில் 1816 முதலும் மதுரையில் 1834 முதலும் பணியாற்றிய அதே அமெரிக்க மிஷன் சங்கம், 1822-ல் மால்ட்டாவில் ஓர் அச்சகம் நிறுவிற்று. அதன் அராபிய அச்சுப்பணி 1834-ல் பேரூத்துக்கு மாற்றப்பட்டது. சர்ச்சு மிஷன் சங்கத்தாரின் அச்சகமும் அங்கே இருந்தது. அவ்வச்சகங்களின் நூல்கள் கிழக்கு நாடுகளை நோக்கியவை. கத்தோலிக்கராகிய தீவாரின் மனம் புண்படலாகாதென்று அரசாங்கம் எச்சரிக்கையாயிருந்தது. ஆயினும் வஸ்ஸல்லி அச்சங்கத்தாரின் வேண்டுகோளால் நான்கு சுவிசேஷங்களையும் நடபடிகளையும் மால்ட்டா மொழியில் பெயர்த்தார். அந்நூல் 1829-ல் அச்சாயிற்று. நடபடிகள் அதில் அடங்குதலால், அத்தீவாரை அந்நியர் என்ற அதிகாரமும் அவர் தம் மொழியிலேயே அச்சேறிற்று. அவ்வாண்டு ஜனவரி மாதத்திலேயே வஸ்ஸல்லி இறந்துவிட்டார். திருச்சபையோடு பிணங்கியவரென்று அவருக்குக் கத்தோலிக்கக் கல்லறையில் இடம் கிடைக்கவில்லை. நகரின் வெளியே மிசிடாக் கொத்தளத்தில், ஆங்கிலப் புராட்டஸ்டாண்டாரின் இடுகாட்டில், அவர் அடக்கம் செய்யப்பட்டார். மிஷன் சங்கத்தார் எண்ணிய மதமாற்றம் மால்ட்டாவில் நிகழவில்லை. தீவார் கத்தோலிக்கராகவே இருந்தனர். அவர் கருதியது ஒன்று, விளைந்தது வேறொன்று. நம் நாட்டிலும் மிஷனரிமார் செய்த அகராதி, இலக்கண வேலைகளை இவ்வாறே மதித்தல் தகும் என்பது நம் எண்ணம்.

வஸ்ஸல்லிக்குப் பின்னும் நூறாண்டு வழக்கு நடந்தது. படித்தோர் மொழி இத்தாலியம். ஆள்வோர் மொழி ஆங்கிலம். இரண்டுக்கும் இடையே போர். நீதிமன்றங்கள் இத்தாலியத்தில் நடந்தன. உழவன் ஒருவன் வலெட்டாவின் நீதிமன்றத்தில் நின்று, தன் நிலத்தைப் பற்றியோ தன் தலையைப் பற்றியோ நடக்கும் வாதத்தின் ஒரு சொல்லும் விளங்காது, பிறர் முகத்தைப் பார்த்துத் தன் விதியை அறிந்துகொண்டான். இத்தாலியத்தை ஆதரித்தோர் மூடரல்லர்; பல நூற்றாண்டுக் கல்வியும் சட்டமும் அம்மொழியில் இருந்தமையால், அதனை இழத்தல் தம் நாகரிகத்தை இழத்தலாகுமென அஞ்சினர். ஆங்கிலேயர் மால்ட்டா மொழியை உயர்த்தியதும் அன்பினால் மட்டும் அன்று. இத்தாலியத்தை நீக்குதற்கு அது கருவியாயிற்று. இருப்பினும் 1920-ல் மால்ட்டா மொழி எழுத்தாளர் கழகம் தோன்றிற்று. 1924-ல் எழுத்து முறையை வரையறுத்து நூல் வெளியிட்டது. அக்கழகம் வகுத்த முறையை அரசாங்கம் 1934-ல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே மால்ட்டா மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாயிற்று, நீதிமன்றத்திலும் புகுந்தது. அக்காலத்தில் டுன் கார்ம் என்னும் குரு, இத்தாலியத்தில் பாடிப் புகழ்பெற்றவர், 1912 முதல் தம் தாய்மொழியிற் பாடலானார். நாட்டுப் பண்ணை இயற்றியவரும் அவரே. அப்பண் ஒரு ஜெபமாக அமைந்துள்ளது.

நகரின் பெருந்தெரு ஒன்றின் பெயரைப் பார்த்தாலே இவ்வரலாறு விளங்கும். வீரத்துறவியர் காலத்தில் அது இத்தாலிய மொழியில் புனித ஜார்ஜ் தெரு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்டினத் தெரு. ஆங்கிலேயர் காலத்தில் முதலில் இத்தாலியத்திலும், பின்னர் ஆங்கிலத்திலும் அரச வீதி. இன்று மால்ட்டா மொழியில் குடியரசுத் தெரு. கல் அப்படியே இருக்கின்றது.

அக்கல்லும் அப்படியே இருந்துவிடவில்லை. 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ம் நாள் முதல் இத்தாலிய விமானங்களும், பின்னர் ஜெர்மானிய விமானங்களும் தீவின்மேல் குண்டு பொழிந்தன. ஓவேர்ஞ்சு மொழியாரின் விடுதியும் பிரான்சு மொழியாரின் விடுதியும் அழிந்தன. ஓவேர்ஞ்சு விடுதி நின்ற இடத்தில் இன்று நீதிமன்றம் நிற்கின்றது. 1866-ல் திறந்த இசைநாடக மாளிகை 1942 ஏப்ரல் 7-ல் இடிந்து விழுந்தது. மக்கள் பாறைக்குள் இறங்கினர். பழைய தொட்டிகளையும் சுரங்கங்களையும் இணைத்துக் குடைந்த இருட்டறைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்ந்தன. நீருக்காகக் குடைந்த பாறை உயிர்காக்கும் கூடமாயிற்று. அவ்வேப்ரல் 15-ல் ஆங்கில அரசர் தீவு முழுமைக்கும் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தார். பதக்கம் வயிற்றை நிரப்பாது. ஆகஸ்டு 15-ல் எண்ணெய்க் கப்பலாகிய ‘ஒஹையோ’, இருபுறமும் வேறு கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, மூழ்கும் நிலையில் துறைக்குள் வந்து சேர்ந்தது. மரியாளின் பரலோக ஆரோபணத் திருநாளில் அது வந்தமையை அம்மக்கள் மறக்கவில்லை.

மால்ட்டா 1964-ல் விடுதலை பெற்றது, 1974-ல் குடியரசாயிற்று, 1979-ல் கடைசி ஆங்கிலப் படை நீங்கிற்று. 1980-ல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகம் வலெட்டா முழுவதையும் உலகப் பாரம்பரிய நகராக ஏற்றது: 55 ஹெக்டேரில் 320 நினைவுச் சின்னங்கள். 2004-ல் மால்ட்டா ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபொழுது, மடைப்பள்ளியிலும் படகுத்துறையிலும் வளர்ந்த அம்மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இடிந்த இசைநாடக மாளிகையை மீண்டும் கட்டாமல், அதன் உடைந்த தூண்களுக்கிடையே 2013-ல் திறந்தவெளி அரங்கம் அமைத்தனர். அருகே புதிய பாராளுமன்றம் எழுந்தது. இச்செயலைக் கண்டித்தோர் பலர். இடிபாட்டையும் வரலாற்றின் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டதை நாம் குறை கூறோம்.

குறை வேறு இடத்தில் உள்ளது. ஒருகாலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரில் இன்று குடியிருப்போர் சில ஆயிரவரே. பகலில் அலுவலரும் சுற்றுலா வருவோரும் நிறைந்த தெருக்கள் இரவில் வெறிச்சிடுகின்றன. பல பழைய வீடுகள் வழிப்போக்கர் விடுதிகளாகின்றன. கல்லைக் காத்தவர், கல்லின்மேலுள்ள பலகணியில் நின்று எதிர்வீட்டாரோடு உரத்துப் பேசும் குரலையும் காக்கவேண்டியவராயிருக்கின்றனர்.

தீவார் அந்நகரை வலெட்டா என்று அழைப்பது அரிது. நம்மவர் சென்னையைப் பட்டணம் என்றதுபோல, அவரும் ‘இல் பெல்ட்’, அதாவது ‘நகர்’, என்றே சொல்லுவர். பெப்ரவரி 10-ம் நாள் அங்கே கப்பற்சேதத் திருநாள். பவுலின் பெயரால் நின்ற பழங்கோயிலிலிருந்து அவருடைய மரச்சிலையை ஆடவர் தோளிற் சுமந்து படிக்கட்டுத் தெருக்களில் ஏறி இறங்குகின்றனர். பலகணிகளிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் மழைபோல் விழுகின்றன. அன்று கோயிலில் நடபடிகளின் அவ்வதிகாரத்தை வாசிக்கின்றனர்: புயலும், உடைந்த கப்பலும், மழையும், குளிரும், தீவார் மூட்டிய நெருப்பும். வாசிப்பது மால்ட்டா மொழியில். கேட்போர்க்கு உரைகாரர் வேண்டுவதில்லை.